வீராங்கனை: ஒரு சொல்லும் ஒரு சட்டமும்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் நூல்களைப் பற்றியும் எழுத்தாளர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன். 'வீராங்கனை' என்பதே அச்சொல். நமக்கு மிகவும் பழக்கமானது. பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் ஓட்ட வீராங்கனை, வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று நாள்தோறும் காண்கிறோம். வீரன் என்பதற்குப் பெண்பால் என்பதற்கு மேல் அதில் நாம் வேறெதையும் காண்பதில்லை.

இதே சொல் வங்காள மொழியிலும் உண்டு. வங்காளிகளின் நாவில் வகரம் பகரமாக ஒலிக்கும் ஆதலால் அவர்கள் 'பீராங்கனா' என்பர். ஆனால் பங்களாதேஷில் ஒரு பெண்ணைச் சுட்டி பீராங்கனா என்று சொன்னால், ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் என்று எவரும் கருதமாட்டார்கள். 1971ஆம் ஆண்டு யுத்தத்தின்போது பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்ட பெண் என்பதே அங்கு அச்சொல்லின் பொருள். ஒரு சொல் இவ்வாறு திசைமாறியது எப்படி, அச்சொல் சட்டத்தில் இடம்பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது ஏன் என்பதே எனது இன்றைய பேச்சின் பொருள்.

1971 மார்ச் 25ஆம் திகதி இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ நடவடிக்கை ஆரம்பமாயிற்று. டிசெம்பர் 16ஆம் திகதி பாகிஸ்தான் இராணுவம் சரணடைந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் இராணுவத்தினராலும் அவர்களுக்குத் துணைநின்ற உள்ளூர்க் குழுக்களாலும் பெருந்தொகையான பெண்கள் சூறையாடப்பட்டனர். இரண்டு இலட்சம் என்பது பங்களாதேஷ் அரசு கூறிவரும் எண்ணிக்கை. அதைக் கூட்டியும் குறைத்தும் கூறும் ஆய்வாளர்கள் உளர். எண்ணிக்கையைப் பற்றிய விவாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. ஒரு நாடே வாய்மூடி மறைக்க முடியாத அளவுக்கு அது நிகழ்ந்தது என்பதே போதுமானது.

மறைக்க முடியாததால்தான் போலும், புதிய அரசாங்கம் வேறெந்த நாடும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. யுத்தம் முடிந்த கையோடு அந்தப் பெண்களைப் பகிரங்கமாக 'பீராங்கனா' என்று கௌரவித்தது. ஷேக் முஜிபுர் ரஹ்மான் அவர்களைத் தம் பிள்ளைகளாகவே பேசினார். 1972இல் பெண்கள் புனர்வாழ்வுச் சபை ஒன்று அமைக்கப்பட்டது. மருத்துவ உதவி, தையல் முதலிய தொழிற்பயிற்சி, கல்யாண ஏற்பாடு எனப் பல வேலைகள் நடந்தன. பிறந்த குழந்தைகளை வெளிநாட்டவர் தத்தெடுப்பதற்கு வழிசெய்யும் ஜனாதிபதிக் கட்டளையொன்றும் அதே ஆண்டில் வெளியாயிற்று. குழந்தைகள் சிலர் கனடா முதலான நாடுகளுக்குச் சென்றனர்.

நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் நேயர்களே, சற்று உற்றுப் பாருங்கள். துப்பாக்கி ஏந்திப் போராடிய ஆணுக்கு 'முக்தி ஜோத்தா', அதாவது விடுதலைப் போராளி என்ற சட்டபூர்வமான தகுதி கிடைத்தது. பெயர்ப் பட்டியல், சான்றிதழ், பின்னாளில் மாதாந்தக் கொடுப்பனவு, பிள்ளைகளுக்கு அரச உத்தியோகத்தில் ஒதுக்கீடு எல்லாம் அத்தகுதியுடன் வந்தன. பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு சொல் மாத்திரமே. வீரத்துக்காக வழங்கப்பட்ட நான்கு தர விருதுகளை மொத்தம் 676 பேர் பெற்றனர். அவர்களுள் பெண்கள் இருவர்தான்! ஒருவர் மருத்துவர் சித்தாரா பேகம். மற்றவர் தாராமன் பீபி.

சட்டத்தின் பாதுகாப்பில்லாத சொல் தெருவில் விடப்பட்ட பிள்ளையைப் போன்றது. யாரும் அதை என்னவும் செய்யலாம். வங்காள மொழியில் 'பாராங்கனா' என்றொரு சொல் உண்டு; விலைமாது என்று பொருள். பீராங்கனாவுக்கும் பாராங்கனாவுக்கும் இடையில் இருப்பது ஓர் உயிரெழுத்தின் வேறுபாடு மாத்திரமே. அயலவர்கள் அந்த எழுத்தை மாற்றிப் போட்டார்கள். அரசாங்கம் சூட்டிய மகுடம் ஊர்க் கிணற்றடியில் வசையாயிற்று. 1975 ஓகஸ்டில் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டதன் பின்னர் புனர்வாழ்வுப் பணிகளும் ஓய்ந்தன. சொல்லும் மெல்ல மெல்ல மறைந்தது.

அச்சொல்லை மீட்டவர்களில் முக்கியமானவர் ஓர் இலக்கியப் பேராசிரியை. டாக்காப் பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் கற்பித்த நீலிமா இப்ராஹிம் அவர்கள். புனர்வாழ்வுப் பணியில் ஈடுபட்டிருந்த அவருக்கு, பாகிஸ்தானியப் போர்க் கைதிகளுடன் முப்பது நாற்பது வங்காளிப் பெண்களும் நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்ற செய்தி கிடைத்தது. தம்மைச் சிறைவைத்தவர்களுடனேயே இவர்கள் ஏன் போகவேண்டும்? நேரிற் சென்று கேட்டார். வீட்டில் தங்களை யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதே அவர்கள் தந்த விடையின் சாரம். அந்த விடை பேராசிரியையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக உறுத்தியது. 1994இல் 'பீராங்கனா நான் பேசுகிறேன்' என்று தமிழில் பொருள்படும் நூலை வெளியிட்டார். இரண்டு பாகங்களில் ஏழு பெண்களின் கதைகள். ஏழும் தன்மை இடத்தில், 'நான்' என்றே பேசுகின்றன.

வங்க மொழி அறியாத நான் அந்நூலை ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிந்தேன். அதன் தலைப்பே என்னை நிறுத்தி வைத்தது. அரசாங்கம் 'நீ வீராங்கனை' என்றது. அயலவர் 'அவள் இப்படிப்பட்டவள்' என்றனர். முன்னிலையும் படர்க்கையுமாகவே இருந்த ஒரு சொல்லைத் தன்மைக்கு மாற்றினார் நீலிமா. இலக்கியம் செய்யக்கூடிய வேலை இதுவென்றே எனக்குப் படுகிறது. அவர் மூன்றாவது பாகத்தை எழுதவில்லை. தமது உடல்நலத்தையும் சமூகத்தின் குறுகிய மனப்பாங்கையும் அதற்குக் காரணங்களாகக் கூறினார்.

அந்த மனப்பாங்கு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1992 மார்ச் 26ஆம் திகதி டாக்காவில் எழுத்தாளர் ஜஹனாரா இமாம் முன்னின்று ஒரு 'மக்கள் நீதிமன்றத்தை' நடத்தினார். யுத்தக் குற்றவாளிகளை விசாரிக்கவேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்குவதற்கான ஒரு போராட்ட வடிவமே அது. குஷ்டியா மாவட்டத்து ஏழைப் பெண்கள் மூவர் சாட்சியமளிக்க அங்கு அழைத்துவரப்பட்டனர். அவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. தலைநகரில் அவர்கள் சரித்திர சாட்சிகள். ஊர் திரும்பியபோதோ ஏச்சும் ஏளனமுமே காத்திருந்தன. அவர்களின் பெயர்கள் நூல்களில் உண்டு. நான் அவற்றை இங்கு கூறப்போவதில்லை.

தாமாகவே முன்வந்து பேசியவர் ஒருவரின் பெயரைக் கூறலாம். சிற்பக் கலைஞர் பெர்டௌசி பிரியபாஷினி. வெட்டி எறியப்பட்ட மரக்கட்டை, வேர், உலர்ந்த கிளை ஆகியவற்றைப் பொறுக்கிச் சிற்பமாக்கியவர். 1990களின் இறுதியில் தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். 2010இல் கலைக்காக நாட்டின் உயர்ந்த சுதந்திர விருதைப் பெற்றார். ஆயினும் விடுதலைப் போராளி என்ற சட்ட அங்கீகாரம் 2016இல்தான் வந்தது. 2018 மார்ச்சில் அவர் காலமானார். நாடறிந்த கலைஞருக்கே அத்தனை காலம் சென்றதென்றால், குஷ்டியாவின் குடிசையில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். பங்களாதேஷ் 1973இலேயே சர்வதேசக் குற்றங்கள் பற்றிய சட்டமொன்றை நிறைவேற்றியது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் பாலியல் வல்லுறவும் அதில் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் அது முன்னோடியான ஏற்பாடு. ஆனால் அச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அமைக்கப்பட்டது 2010இல்தான். அந்நீதிமன்றத்தின் விசாரணை முறைகளைச் சர்வதேச மனித உரிமை நிறுவனங்கள் கண்டித்துள்ளன. மரண தண்டனைகள் பற்றியும் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவற்றை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும் 2014 டிசெம்பரில் அளிக்கப்பட்ட ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்ட பெண்களும் யுத்தகாலத்தில் பிறந்த ஒரு மகளும் சாட்சியமளித்திருந்தமை கவனத்துக்குரியது. அத்தகைய பெண்களுக்கு அரசு நட்டஈடு வழங்கவேண்டும் என்ற கருத்தையும் நீதிபதிகள் தெரிவித்தனர்.

2015 ஜனவரியில் பங்களாதேஷ் பாராளுமன்றம் பீராங்கனாக்களை விடுதலைப் போராளிகளாக ஏற்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்களுடன் முதலாவது வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லுக்குச் சட்டம் துணைக்கு வந்தது. 2024 ஜூலையில் அரச உத்தியோக ஒதுக்கீடு தொடர்பாக அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 5 சதவீதம் போராளிகள், உயிர்நீத்தோர், பீராங்கனாக்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு என்று விதித்தது. கிணற்றடியில் வசையாகக் கிடந்த சொல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உரிமையாக நிற்கிறது. இது சிறிய காரியமன்று.

அப்படியானால் கதை சுபமாக முடிந்துவிட்டதா? அங்குதான் எனக்குத் தயக்கம்.

முதலாவது, இரண்டு இலட்சம் என்று அரசு கூறும் நாட்டில் வர்த்தமானியில் பெயர் வந்தவர்கள் சில நூறு பேரே. அங்கீகாரம் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கவேண்டும். உள்ளூர்க் குழு விசாரிக்கும். அரை நூற்றாண்டுக்கு முன் நடந்ததற்கு எந்தச் சாட்சியைக் கொண்டுவருவது? மருமகள் அறியாமல், பேரப்பிள்ளைகள் அறியாமல் வாழ்ந்துவிட்ட மூதாட்டி எந்த முகத்தோடு பிரதேச அலுவலகத்தின் வாங்கில் போய் உட்காருவது? பலர் அதற்கு முன்பே இறந்துபோயினர்.

இரண்டாவது, 'பீராங்கனா' தேசத்தின் வெற்றியோடு பிணைந்த சொல். அதே யுத்தத்தில் உருது பேசும் பீகாரிப் பெண்களும் வன்முறைக்கு ஆளாயினர். யாஸ்மின் சைக்கியா போன்ற ஆய்வாளர்கள் இதனைப் பதிவுசெய்துள்ளனர். அவர்கள் தோற்ற தரப்பினர். ஆகவே அவர்களுக்கு இந்தச் சொல் கிடையாது. ஆண்களும் இவ்வன்முறைக்கு இலக்கானார்கள். பெண்பால் விகுதி கொண்ட சொல்லில் அவர்கள் எங்ஙனம் நுழைவது?

மூன்றாவதே எல்லாவற்றிலும் பெரிது. அநியாயம் இழைக்கப்பட்ட ஒருவரை அங்கீகரிக்க அவரை வீரராக்கித்தான் ஆகவேண்டுமா? போரிட்ட ஆணை அளவுகோலாக வைத்து, அவனுக்குச் சமம் என்று சொன்னால்தான் பெண்ணின் துன்பம் துன்பமாகுமா?

சட்டத்தின் அளவுகோல் ஆணின் உடலைக் கொண்டே செய்யப்பட்டது என்பதற்குப் பொஸ்னியா ஒரு சான்று. 1992 முதல் 1995 வரை நடந்த யுத்தத்தின் பின்னர், சிவிலியப் பாதிப்பாளர் என்று உதவி பெறவேண்டுமாயின் உடலுக்கு 60 சதவீத ஊனம் ஏற்பட்டிருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. கை போனால் இத்தனை சதவீதம், கால் போனால் இத்தனை என்று கணக்கிடலாம். முகாமில் மாதக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணுக்கு எத்தனை சதவீதம்? 2006இல்தான் பொஸ்னியக் கூட்டாட்சிப் பகுதி சட்டத்தைத் திருத்தி, பாலியல் வன்முறைக்கு ஆளானோரை அந்த ஊன விதிக்கு உட்படாத தனி வகுப்பாக ஏற்றது.

இதில் கலைக்கும் பங்குண்டு. அதே 2006இல் யஸ்மிலா ஸ்பானிச் என்ற பொஸ்னியப் பெண் நெறியாளரின் 'கிர்பாவிட்சா' திரைப்படம் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. கதை எளிமையானது. பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போரில் மடிந்தோரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தந்தை மடிந்தார் என்ற அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவா என்கிறாள் மகள். தாயிடம் அந்தப் பத்திரம் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு தாள் இல்லாத இடத்தில் ஒரு வாழ்க்கை முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. அப்படம் திரையிடப்பட்ட காலத்திலேயே சட்டத் திருத்தத்துக்கான கையெழுத்து இயக்கமும் நடந்தது. அவ்வாறு பிறந்த பிள்ளைகளையும் சட்டம் ஏற்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

சொற்களைத் திருத்தும் இந்தப் பணியில் தமிழ்ப் பெண்கள் இருவருக்கு உலகளாவிய இடம் உண்டு. நம் நாட்டவரான ராதிகா குமாரசாமி 1994 முதல் 2003 வரை பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளராகப் பணிபுரிந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய இராணுவத்தால் அடைத்துவைக்கப்பட்ட கொரிய முதலான நாடுகளின் பெண்களை 'ஆறுதல் மகளிர்' என்றே உலகம் அழைத்துவந்தது. யாருக்கு ஆறுதல்? 1996இல் சமர்ப்பித்த அறிக்கையில் அவர் அச்சொல்லை ஏற்க மறுத்து, 'இராணுவப் பாலியல் அடிமைத்தனம்' என்பதே சரியான பெயர் என்றார். அதன் பின்னர் விவாதத்தின் போக்கே மாறிற்று.

மற்றவர் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. றுவாண்டாவுக்கான சர்வதேச நீதிமன்றத்தில் அக்கயேசு என்ற உள்ளூர் மேயரின் வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண். ஆரம்பக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரியும் இல்லை. 1997 ஜனவரியில் சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தாய், தம் மகளுக்கு நேர்ந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நீதிபதிகள் அதைக் கடந்துசெல்ல விடவில்லை. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2ஆம் திகதித் தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையின் ஒரு கருவியாகலாம் என்று முதன்முறையாகக் கூறியது. வல்லுறவு என்பதற்கு அத்தீர்ப்பு தந்த வரைவிலக்கணத்தில் 'பெண்' என்ற சொல் இல்லை; 'ஒருவர்' என்றே உண்டு. கற்பு, மானம் என்ற பேச்சும் இல்லை. பலாத்காரச் சூழலில் ஒருவரின் உடல்மீது நிகழ்த்தப்படும் பாலியல் அத்துமீறல் என்பதே அதன் கருத்து. 1949ஆம் ஆண்டின் ஜெனிவாச் சாசனம் பெண்களின் 'மானத்தின்' மீதான தாக்குதல் என்றே இக்குற்றத்தை வகுத்திருந்தது. மானத்திலிருந்து மனிதருக்கு வர அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது!

நேயர்களே, நம் மொழிக்கும் இதில் பங்குண்டு. நம் பத்திரிகைகள் நெடுங்காலம் 'கற்பழிப்பு' என்றே எழுதின. அழிந்தது அவளுடைய கற்பு என்று சொல்லிவிட்டால், இழப்பும் அவளுடையது, வெட்கமும் அவளுடையது. செய்தவன் அச்சொல்லில் எங்குமே இல்லை. பெண்ணிலைவாத எழுத்தாளர்கள் விடாது வாதிட்டதால் 'பாலியல் வல்லுறவு' என்ற சொல் வழக்கிற்கு வந்தது. வல்லுறவு என்றால் வன்மை செய்தவன் ஒருவன் உளன் என்பது தெரிகிறது.

நம் நாட்டு நீதிமன்றங்களில் தீர்ப்பு வரை சென்று மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட வழக்குகளை எண்ணிப் பாருங்கள். 1971இல் கதிர்காமத்தில் நிர்வாணப்படுத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட சிங்கள யுவதியின் வழக்கு. 1996இல் கைதடிச் சோதனைச் சாவடியில் மறைந்த தமிழ் மாணவியின் வழக்கு. இரண்டிலும் படையினர் தண்டிக்கப்பட்டனர். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லை. இறந்தவருக்காகச் சமூகம் பேசுவது எளிது. அவர் திரும்பி வந்து நம் பக்கத்து வீட்டில் வாழப்போவதில்லை. உயிரோடிருப்பவரை ஏற்பதற்குத்தான் சட்டமும் வேண்டும், சொல்லும் வேண்டும், அயலும் வேண்டும்.

என் கருத்தை இப்படிச் சொல்கிறேன். சட்டம் ஒருவருக்கு இழைக்கப்பட்டதை அங்கீகரிக்கட்டும். அவர் வீரரா, கற்புடையவரா, எந்தத் தரப்பினர், ஆணா பெண்ணா என்று கேட்கவேண்டாம். விண்ணப்பப் படிவம் இரகசியமாக இருக்கட்டும். படம் பத்திரிகைக்குப் போகவேண்டாம். வீராங்கனை என்ற பட்டத்தை விரும்புகிறவர் தாமாக எடுத்துச் சூடிக்கொள்ளட்டும். அதனை விரும்பாதவருக்கும் கொடுப்பனவும் மருத்துவமும் கிடைக்கட்டும். எழுதுகிற நாம், 'அவள்' என்று எழுதத் தொடங்கும் முன்னர், 'நான்' என்று சொல்ல அவருக்கு இடம் விட்டிருக்கிறோமா என்று பார்ப்போம்.